சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு: பழைய சொகுசு கார்களில் ஆயில் லீக்கைப் பிடிக்கும் வழி

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி கார்கள் கேரளப் பதிவு எண்ணோடு கை மாறி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வந்து சேருவது சாதாரணம். அவற்றில் ஆயில் ஒழுகத் தொடங்கினால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, "பின்னாடி கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பதுதான். கிராங்க் தண்டு இன்ஜினை விட்டு வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் இந்தச் சீல். பல நேரம் அதில் ஒரு குறையும் இருக்காது. மேலே டேப்பட் கவரிலோ (இன்ஜினின் உச்சியை மூடும் கவர்), ஆயில் கூலரிலோ கசிந்த ஆயில் இன்ஜின் முதுகு வழியாக இறங்கி, வண்டி ஓடும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே தேடிக்கொண்டு வர வேண்டும்.

எதையும் கழற்றும் முன்

முதல் வேலை, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றுவது. 8, 10 சாக்கெட் இருந்தால் போதும். அந்தத் தட்டு ஆயிலைத் தேக்கி வைத்து, ஒரு வாரம் கழித்து சம்பந்தமே இல்லாத மூலையில் சொட்ட விடும். அதை மாட்டியபடி லீக் தேடுவது வீண் வேலை.

அடுத்து இன்ஜினைக் கழுவ வேண்டும். ஆறிய இன்ஜினில் டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னை ஆல்டர்னேட்டர், காயில், கனெக்டர் பக்கம் காட்டக் கூடாது. சாரல் விழும் ஆனி, ஆடியிலும், அடைமழைக் கார்த்திகையிலும் ஈரத் தடத்தையும் ஆயில் தடத்தையும் பிரித்தறிய முடியாது. இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு பாருங்கள்.

பிறகு ஆயிலில் கலக்கும் யூவி டை, அதாவது புற ஊதா ஒளியில் மின்னும் சாயம். இன்ஜின் ஆயிலுக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏசிக்கு ஊற்றுவது வேறு. ஒரு நிரப்புக்குச் சுமார் 30 மில்லி போதும். நாகர்கோவிலில் இருந்து தக்கலை போய் வரும் தூரம் ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு மஞ்சள் கண்ணாடி போட்டு யூவி டார்ச் அடியுங்கள். பச்சை மஞ்சளாக மின்னும் தடத்தை மேல்நோக்கித் தொடர்ந்து, அது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குக் கைப்பேசியில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா போதும்.

வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்பி ஒருபோதும் போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம். செம்மண் முற்றத்தில் ஸ்டாண்ட் புதையும் என்பதால், கால்களுக்கு அடியில் கனமான பலகை வையுங்கள்.

## அறிகுறி 1: காலையில் வண்டிக்கு அடியில் சொட்டு

இன்டர்லாக் கல் ஆயிலைக் குடித்துவிடும், செம்மண்ணில் தடமே தெரியாது. ஒரு பெரிய அட்டையை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றுக்கு வெறும் அட்டை நிற்காது. முன் சக்கரம் நிற்கும் இடத்தையும் அட்டையில் குறித்துக்கொண்டால் மறுநாள் ஒப்பிட எளிது.

வெறும் தண்ணீர்: ஏசி தண்ணீர். விட்டுவிடுங்கள்.

நிறமுள்ள, இனிப்பு வாடை அடிக்கும் நீர்: கூலன்ட். அது தனிக் கதை.

சிவப்பு எண்ணெய்: ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங். 1990களின் பிற்பாதியில் தொடங்கி வந்த ஐந்து கியர் ஆட்டோமேடிக் பென்ஸ்களில், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ஒயர் நுழையும் 13 பின் கனெக்டரின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து ஒழுகுவது வழக்கம். சின்னச் சாமான், சின்ன வேலை. இதையும் "பின் சீல்" என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பழைய கியர் ஆயில் கறுத்துப் போயிருக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல், வெள்ளைத் துணியில் தொட்டு இன்ஜின் டிப்ஸ்டிக் ஆயிலோடு ஒப்பிடுங்கள்.

பழுப்பு, கறுப்பு எண்ணெய்: இன்ஜின் ஆயில். கீழே உள்ள அறிகுறிகளில் பொருந்துவதற்குப் போங்கள். அதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருக்கிறதா என்பதோடு, மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதும் முக்கியம். அளவுக்கு மிஞ்சி ஊற்றிய ஆயில் நல்ல சீலையும் கசிய வைக்கும். டிப்ஸ்டிக் இல்லாத பிஎம்டபிள்யூவில் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் சூடேறிய பிறகே திரையில் சரியான அளவு காட்டும்.

## அறிகுறி 2: ஆயில் மாற்றிய சில நாளிலேயே ஒழுகல்

பெரிய செலவை நினைத்து மிரள வேண்டாம். மூன்றே இடம்.

ஃபில்டர் மூடியின் ஓ ரிங் முதலாவது. பழைய ரிங்கைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருப்பார்கள், அல்லது தப்பான காடியில் மாட்டியிருப்பார்கள். மூடியைக் கழற்றி, ரிங்கில் ஆயில் தடவி மாட்டி 25 நியூட்டன் மீட்டர் விசையில் முடுக்குங்கள். இந்தப் பிளாஸ்டிக் மூடியைப் பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் விரிசல் விடும்.

இரண்டாவது, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷர். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டிய பொருள் அது. பென்ஸில் பெரும்பாலும் 30, பிஎம்டபிள்யூ அலுமினிய சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) 25 நியூட்டன் மீட்டர் அளவில் முடுக்குவார்கள். உங்கள் இன்ஜின் எண்ணுக்கான அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் தொல்லை: நீளமான ஸ்பானர் போட்டு முடுக்கி அலுமினிய மரையை அறுத்துவிட்டிருப்பது. பிளக் முடுங்காமல் சுற்றிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டினால் நடுவழியில் மொத்த ஆயிலும் கொட்டும். மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போடத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் சரிசெய்துவிடுவார். துளையிட்ட உலோகத் தூள் உள்ளே தங்காதபடி, மலிவான ஆயில் கொஞ்சம் ஊற்றி வடியவிட்ட பிறகே நல்ல ஆயில் நிரப்பச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: நின்றதும் கருகல் வாடை, பானட் ஓரத்தில் புகை

சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் விழுகிறது என்று அர்த்தம். வாடை மட்டும் வந்தால் அந்த வாரத்துக்குள் பாருங்கள். புகையும் வந்தால் அன்றே பாருங்கள், ஏனென்றால் இது தீப்பிடிக்கும் வழி. ஓடும்போது புகை பெருகினால் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லாரும் இறங்கிவிட வேண்டும். பானட்டை மலர்த்தித் திறக்காதீர்கள். காற்று புகுந்தால் நெருப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆயில் ஊற்றும் மூடி. அதன் ரப்பர் கட்டைபோல் இறுகியிருந்தால் மாற்றுங்கள். இதைவிட மலிவான மருந்து கிடையாது.

டேப்பட் கவர் பேக்கிங். பழைய வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். கவரின் விளிம்பை, முக்கியமாகப் பின் மூலையை, டார்ச் அடித்துப் பாருங்கள். பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டியில் பின்பகுதி விண்ட்ஷீல்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், கேமரா இல்லாமல் தெரியாது. பேக்கிங் மாற்றும்போது போல்ட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்க வேண்டும். விசை பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்குள்தான், கை கணக்கு இங்கே செல்லாது. டைமிங் கவர் (இன்ஜினின் முன்பக்கக் கவர்) ஹெட்டோடு (சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் பகுதி) சேரும் மூலைகளில் மட்டும் இரண்டு சொட்டு சீலன்ட் வையுங்கள். சுற்றி முழுக்க அப்பினால் பிதுங்கிய சிலிக்கான் உள்ளே பிய்ந்து விழுந்து, ஆயில் பம்ப் சல்லடையை அடைத்து, இன்ஜினையே காவு வாங்கும். பிளாஸ்டிக் கவரானால் கவரிலேயே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேக்கிங் வாங்குங்கள். விரிசல் இருந்தால் கவரோடு மாற்றுவதுதான் வழி.

பென்ஸ் வி6, வி8 பெட்ரோல் (1990களின் கடைசியிலும் 2000களின் முற்பாதியிலும் வந்தவை). டேப்பட் கவர் மேல் திருகியிருக்கும் சின்ன பிரீதர் (இன்ஜினின் உள் அழுத்தம் வெளியேறும் வழி) மூடிகளின் சீலன்ட் காய்ந்து கசியும். கவரைக் கழற்றவே வேண்டாம். மூடியை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக மெல்லிய கோடு போட்டு மாட்டினால் போதும்.

டர்போவின் ஆயில் குழாய். டர்போவுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டின் வாஷர்களையும் பாருங்கள். இணைப்பு கைக்கு எட்டினால் நீங்களே மாற்றலாம். டர்போவையே அசைக்க வேண்டியிருந்தால் நிபுணரிடம் விடுங்கள்.

## அறிகுறி 4: இன்ஜின் உதறல், ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில்

ஸ்பார்க் பிளக் மேல் மாட்டியிருக்கும் காயிலைத் தூக்கிப் பாருங்கள். அதன் ரப்பர் கால் ஆயிலில் நனைந்திருந்தால் டேப்பட் கவர் பேக்கிங்கின் உள்வட்டம் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் நிற்கும் ஆயிலை ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி, துணி விட்டுத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் இறங்கும். காயில் மாற்றச் சொல்லி ஸ்கேனர் கோட் காட்டும். காயிலை மாற்றிப் பேக்கிங்கை விட்டால் புதுக் காயிலும் சில மாதத்தில் அதே கதிதான்.

## அறிகுறி 5: இன்ஜின் முன்பக்கம் ஈரம், பெல்ட் கீச்சிடுகிறது

பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் பெட்ரோல் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 2000களின் நடுப்பகுதியில் வந்த என்52 இன்ஜினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் பேக்கிங் சூட்டில் இறுகி, தட்டையாகி, கசியும். ஆயில் நேராகப் பெல்ட் மேல் இறங்கும். நனைந்த பெல்ட் நழுவி, கிழிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு முன் கிராங்க் சீலைத் துளைத்து இன்ஜினுக்குள்ளேயே நுழைந்த வண்டிகள் உண்டு. அதன் பிறகு சம்ப்பை இறக்கி நார் நாராகப் பொறுக்க வேண்டும். சின்ன ரப்பர் துண்டைத் தள்ளிப்போட்டதற்கு அவ்வளவு பெரிய தண்டனை.

சோதிக்கும் வழி: ஃபில்டர் மூடி காய்ந்திருக்க, அதன் அடியில் ஹவுசிங் சேரும் கோட்டில் மட்டும் ஈரம் இருந்தால் இதுவேதான். வேலைக்கு ஹவுசிங் பேக்கிங், புது பெல்ட், பிரேக் கிளீனர், ஹவுசிங்கில் கூலர் சேர்ந்த மாடலானால் அதன் பேக்கிங்கும் வேண்டும். சில மாடலில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் போல்ட்டுக்குக் கை எட்டும். சேரும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஹேக்சா பிளேடால் சுரண்டி அலுமினியத்தில் கோடு விழுந்தால் புதுப் பேக்கிங்கும் நிற்காது. ஆயில் குடித்த பழைய பெல்ட்டைத் துடைத்து மாட்டாதீர்கள்.

ஹவுசிங் காய்ந்திருந்து புல்லிக்குப் பின்னால் மட்டும் வட்டமாகச் சிதறல் தெரிந்தால் முன் கிராங்க் சீல். சில இன்ஜின்களில் கிராங்க் போல்ட்டைத் தளர்த்தினாலே டைமிங் நகர்ந்துவிடும், லாக் செய்யும் கருவிகள் தேவை. இங்கே கையை எடுத்துவிட்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: ஒயர் கனெக்டருக்குள் ஆயில்

பின்னால் 'கம்ப்ரசர்' என்று எழுதியிருக்கும் நான்கு சிலிண்டர் பென்ஸ்களில் காம் மேக்னெட்டும் (காம் தண்டின் நேரத்தை மாற்றும் மின்காந்தம்) காம் சென்சாரும் கசிந்தால் ஆயில் வெளியே சொட்டாது. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் செம்புக் கம்பி வழியாகவே ஏறி, ஆக்சிஜன் சென்சாருக்கும், கடைசியில் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் போய்விடும். ஹெட்டின் முன்பக்கக் கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் ஈரமாக இருந்தால் மேக்னெட்டை மாற்றி, நடுவில் மாட்டும் தடுப்பு ஒயரையும் போடுங்கள். அதன் பிறகு கன்ட்ரோல் யூனிட் கனெக்டரையும் திறந்து பாருங்கள். அங்கேயும் ஆயில் எட்டியிருந்தால் அது ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் வேலை.

## அறிகுறி 7: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். "பின் சீல்" என்று ஒப்புக்கொள்ளும் முன் வரிசையாகப் பாருங்கள்.

டேப்பட் கவரின் பின் மூலை. அறிகுறி 3இல் சொன்னதுதான். பிஎம்டபிள்யூ நான்கு சிலிண்டர் என்46 இன்ஜினானால் ஹெட்டின் பின்னால் இருக்கும் வேக்கம் பம்ப்பின் சீலையும் சேர்த்துப் பாருங்கள். கவருக்கும் பம்ப்புக்கும் இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான் என்பதால் ஒன்றை மாற்றும்போது மற்றதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

பென்ஸ் வி6 டீசல், அதாவது ஓஎம்642 (இ 280 சிடிஐ, இ 350 சிடிஐ, அதே இன்ஜின் கொண்ட எம்எல், எஸ் கிளாஸ்). இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப் பள்ளத்தில் ஆயில் கூலர் படுத்திருக்கும். அதன் அடியில் உள்ள இரண்டு ஆரஞ்சு நிற ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகி உடையும். ஆயில் பள்ளத்தில் தேங்கி, பின்புற வடிகால் வழியாகப் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) மேல் விழும். பார்ப்பவருக்கு அச்சு அசலாகப் பின் சீல் லீக்போலவே இருக்கும். டர்போவுக்கு அடியில் கேமராவை விட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். ஆயில் குளம் கட்டியிருந்தால் கியர்பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

சீலின் விலை அற்பம், கூலிதான் மலை. டர்போ, இன்டேக் மேனிஃபோல்டுகள், குழாய்கள் எல்லாம் மேலிருந்து இறங்க வேண்டும். பழகிய கைக்கே ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கும். திருத்தி வந்த ஊதா நிற சீலை மட்டும் வாங்குங்கள், எண் ஏ 642 188 05 80, இரண்டு தேவை. கடையில் ஆரஞ்சு நிறத்தில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்த கையோடு டர்போ பேக்கிங், இன்டேக் பேக்கிங், டர்போ வாயில் மாட்டும் பிரீதர் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். அந்தக் கடைசி சீல் கசிந்தால் ஆயில் கீழே உள்ள ஸ்வர்ல் மோட்டார் (இன்டேக் காற்றின் சுழற்சியை மாற்றுவது) மேல் சொட்டி அதைச் சாகடித்து, இன்ஜின் விளக்கைப் போட்டு, வண்டியை இழுக்க விடாமல் செய்யும். கூலர் கழன்றதும் இன்ஜினில் திறந்து கிடக்கும் துளைகளைத் துணியால் அல்ல, டேப்பால் மூடச் சொல்லுங்கள். முடிந்ததும் புது ஃபில்டர், புது ஆயில். வண்டியைப் பொறுத்து எட்டரை லிட்டர் அளவில் பிடிக்கும். டிபிஎஃப் (டீசல் புகைக்கரி ஃபில்டர்) இருந்தால் பென்ஸின் 229.51 தர ஆயில். இந்த வேலையை முதல் தடவையாகச் செய்பவரிடம் கொடுக்காதீர்கள். உள்ளூரில் இந்த இன்ஜினைத் திறந்தவர் இல்லையென்றால் திருவனந்தபுரம் வரை கொண்டுபோவதுதான் லாபம்.

ஆடி 1.8, 2.0 டர்போ பெட்ரோல். இதில் பின் சீல் உண்மையிலேயே போகும், ஆனால் காரணம் மேலே இருக்கும். பிரீதர் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பிரிப்பானுக்குள் உள்ள டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) கிழிந்தால் இன்ஜினுக்குள் உறிஞ்சல் அதிகமாகி, பின் சீல் விசிலடிக்கத் தொடங்கும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கப் பாருங்கள். உடும்புபோல் பிடித்துக்கொண்டு, திறந்ததும் விசில் நின்றால் முதலில் பிரிப்பானை மாற்றுங்கள். அதை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலும் போய்விடும்.

மேலே சொன்னவை எல்லாம் காய்ந்திருந்து, பெல் ஹவுசிங் துளைக்குள் மட்டும் டை மின்னினால்தான் பின் கிராங்க் சீல். கியர்பாக்ஸ் இறக்கும் வேலை இது, முற்றத்தில் வைத்துச் செய்வதல்ல.

## அறிகுறி 8: சம்ப் விளிம்பில் ஈரம், அல்லது அடி வாங்கிய பிறகு ஒழுகல்

களியக்காவிளை சாலைப் பள்ளமும், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைக் கல்லும் தாழ்ந்த வண்டிக்கு எமன். அலுமினிய சம்ப் நெளியாது, வெடிக்கும். எம்சீல் வைத்து வீடு வந்து சேரலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

அடி படாமல் விளிம்பு முழுக்கக் கசிந்தால் சம்ப் பேக்கிங். ஆயில் லெவல் சென்சார் சம்ப்பிலேயே மாட்டியிருக்கும், அதன் ஓ ரிங்கை முதலில் பாருங்கள். சம்ப்பைக் கழற்ற பிஎம்டபிள்யூவில் இன்ஜினை மேலிருந்து தொங்கவிட்டு முன் சப்ஃப்ரேமை (இன்ஜினைத் தாங்கும் அடிச்சட்டம்) இறக்க வேண்டும். அது லிஃப்ட் உள்ள பட்டறைக்கான வேலை. என்52 இன்ஜினின் உடல் மெக்னீசியம், அதில் மாட்டும் போல்ட்டுகள் அலுமினியம். ஒருமுறை கழற்றினால் குப்பைக்குத்தான், புதியதைக் குறித்த விசையில் முடுக்கி, பிறகு குறித்த கோணம் திருப்ப வேண்டும். பட்டறையில் கிடக்கும் இரும்பு போல்ட்டைப் போட்டு மூடிவிட்டால், குளச்சல், முட்டம், மணக்குடி உப்புக் காற்றில் மெக்னீசியம் வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். போல்ட் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 9: தரை காய்ந்திருக்கிறது, ஆயில் குறைகிறது

நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலை எரிக்கிறது, லீக் அல்ல. கூலன்ட் டப்பாவைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு மட்டும். மேலே பழுப்பு ஆடை மிதந்தால் ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கெட். டிப்ஸ்டிக் ஆயில் மோர்போல் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

## அறிகுறி 10: சிவப்பு ஆயில் விளக்கு

மஞ்சள் விளக்கு ஆயில் ஊற்றச் சொல்வது. சிவப்பு விளக்கு ஆயில் பிரஷர் இல்லை என்பது. "அடுத்த ஜங்ஷன் வரை" என்ற பேச்சே வேண்டாம், அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் ஊற்றியதும் விளக்கு அணைந்தாலும் ஓட்டக் கூடாது, எவ்வளவு ஊற்றினீர்களோ அவ்வளவும் மறுபடி வழியில் கொட்டும். ஆட்டோமேடிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்காமல், முழு வண்டியும் மேலே ஏறும் ரெக்கவரி லாரியைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 11: சரிசெய்தும் மறுபடி ஒழுகுகிறது

பேக்கிங்கைக் குறை சொல்லும் முன் பிரீதரைப் பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியை எடுத்துவிட்டு, அந்த வாயில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. மேலே உப்பித் துடித்தால் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உள் அழுத்தம் போக வழியில்லாமல் ஒவ்வொரு சீலாகப் பிதுக்கிக்கொண்டிருக்கும். குழாயும் வால்வும் மாற்றிய பிறகும் உப்பினால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதன் முடிவு வரும் வரை வேறு பேக்கிங் எதற்கும் பணம் போடாதீர்கள்.

லீக்கை அடைக்கும் என்று விற்கும் மருந்து பாட்டில் பழைய ரப்பரைக் கொஞ்ச நாள் ஊதவைக்கும், அவ்வளவுதான். உடைந்த சீலுக்கும் விரிசலுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

எந்த வேலை முடிந்தாலும் அடித் தட்டை உடனே மாட்டாதீர்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை யூவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சானலிலோ தென்னை மூட்டிலோ ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.